மின்சார மோட்டார் சைக்கிளும் நலிந்த மின்கலமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மின்சார மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் சொல் ‘பேட்டரி போய்விட்டது’ என்பது. பெட்ரோல் வண்டி நின்றுவிட்டால் பிளக்கா, கார்புரேட்டரா, பெட்ரோலில் தண்ணீரா என்று பத்துக் கேள்வி கேட்கிற நம்மவர்கள், மின்சார வண்டி ஓடும் தூரம் குறைந்தால் மட்டும் ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரியின் விலையே ஆகையால், அந்தத் தீர்ப்புக்குத் தண்டம் கட்டுபவர் வண்டிக்காரர்தான். ஆனால் பேட்டரி என்பது ஒரே பொருளன்று. சில நூறு மின்கலங்கள் சேர்ந்த கூட்டம். அக்கூட்டத்தில் நலிந்தது எது, எவ்வகையில் நலிந்தது என்று கண்டறிய நாம் ஆய்வுக்கூடத்தில் செய்கிற ஒரு பழைய சோதனையே பெரிதும் உதவும் என்பதை இங்கே எழுத விரும்புகிறேன்.

வோல்டா 1800-இல் தம் மின்னடுக்கை அறிவித்த நாளிலிருந்து மின்கலத்தின் வேலை மாறவில்லை. வேதியாற்றல் மின்னாற்றலாகிறது, அவ்வளவே. இன்றைய வண்டிகளில் உள்ளது லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் சோனி நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியமைக்காகக் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே நடக்கும் வேதிவினைகளை வேதியியல் துறை நண்பர்களுக்கே விட்டுவிடுகிறேன். நமக்கு வேண்டியவை இரண்டு அளவுகள். ஒன்று கொள்ளளவு, அதாவது கலம் எவ்வளவு மின்னூட்டம் தரும் என்பது. மற்றொன்று அகமின்தடை.

நான் கண்ட ஒரு பேட்டரியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதில் விரல் பருமனுள்ள உருளைக் கலங்கள் 240 உள்ளன. பன்னிரண்டு கலங்கள் பக்க இணைப்பில் சேர்ந்து ஒரு தொகுதி. அத்தகைய இருபது தொகுதிகள் தொடரிணைப்பில் உள்ளன. ஒரு கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். எனவே இருபதுக்கு 72 வோல்ட். ஒரு கலத்தின் கொள்ளளவு 2.6 ஆம்பியர்-மணி. எனவே பன்னிரண்டுக்கு 31.2 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 2,250 வாட்-மணி வரும். கிலோமீட்டருக்கு 28 வாட்-மணி செலவானால் வண்டி 80 கிலோமீட்டர் ஓடும்.

தொடரிணைப்பில் எல்லாத் தொகுதிகள் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் செல்லும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். அதன் விளைவை மட்டும் யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. இருபது குடங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு முறையும் இருபதிலிருந்தும் ஒவ்வொரு குவளை நீர் எடுத்தே தீரவேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். ஒரு குடம் சிறியதாயின் அது வற்றியதும் வேலை நின்றுவிடும்; மற்றப் பத்தொன்பதிலும் நீர் இருந்து பயனில்லை. பேட்டரிக்குள் இருக்கும் கண்காணிப்புச் சுற்று, இதைப் பி.எம்.எஸ். என்பார்கள், இந்த விதியைத்தான் காக்கிறது. ஏதேனும் ஒரு தொகுதி ஏறத்தாழ 2.8 வோல்ட்டுக்கு இறங்கியதும் அது முழு இணைப்பையும் துண்டித்துவிடும். வண்டி நடுச்சாலையில் நிற்கும். வண்டிக்காரர் பேட்டரி தீர்ந்தது என்பார். உண்மையில் தீர்ந்தது இருபதில் ஒன்று.

இதை மல்டிமீட்டரால் இரு முனைகளில் அளந்து கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். முடியாது. பத்தொன்பது தொகுதிகள் 3.6 வோல்ட்டிலும் ஒன்று மட்டும் 3.3 வோல்ட்டிலும் இருந்தால் கூட்டுத்தொகை 71.7 வரும். எல்லாம் நன்றாக இருந்தால் 72. இந்த 0.3 வோல்ட்டைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? இன்னொன்று, ஓய்வில் இருக்கும் மின்கலம் தன் குறையைக் காட்டாது. இரண்டாம் பருவத்தில் மின்னழுத்தமானி கொண்டு லெக்லாஞ்சி மின்கலத்தின் அகமின்தடை கண்டோம் அல்லவா? சாவி திறந்திருக்கும்போது ஒரு நீளம், மூடியபின் ஒரு நீளம். மின்னோட்டம் பாய்ந்தால்தானே வேறுபாடு தெரிந்தது? அதே தத்துவம்தான் இங்கும். ஓய்வு மின்னழுத்தத்திலிருந்து ஓடும்போதுள்ள மின்னழுத்தத்தைக் கழித்து, மின்னோட்டத்தால் வகுத்தால் அகமின்தடை.

என் அண்ணன் பழைய மின்சார மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோய்ப் போடும் வேலை செய்கிறார். 80 கிலோமீட்டர் ஓடிய வண்டி மழைக்காலத்துக்குப் பின் 45-இல் நிற்கத் தொடங்கியது. பகல் நேரத்தில் சார்ஜ் போட்டுக் காத்திருந்தால் அன்றைய வருமானம் பாதி. காட்டிய கடையில் முனைகளில் அளந்துவிட்டு, பேட்டரி முழுவதையும் மாற்ற வேண்டும், 45,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் வந்த முதல் ஆள் நான். ஆகையால் டி.வி. பழுதானாலும், மருந்துச் சீட்டுப் புரியாவிட்டாலும் என்னிடம்தான் வரும். “நீதானே பிசிக்ஸ் படிக்கிறே, பாத்துச் சொல்லு” என்றார் அண்ணன். 45,000 என்பது எங்கள் வீட்டில் பேசிப் பழக்கமில்லாத தொகை. என் படிப்புச் செலவும் அந்த வண்டியில்தான் ஓடுகிறது.

நல்ல வேளையாக அந்தப் பி.எம்.எஸ். இருபது தொகுதிகளின் மின்னழுத்தத்தையும், பாயும் மின்னோட்டத்தையும் கைப்பேசியில் காட்டும் வகையைச் சேர்ந்தது. பேட்டரியைத் திறக்க வேண்டிய தேவையே எழவில்லை. முழுதாக மின்னேற்றி, பாதி தீரும் வரை ஓட்டி, சிறிது நேரம் நிறுத்திவைத்துக் குறித்துக்கொண்டேன். பத்தொன்பது தொகுதிகள் 3.65 வோல்ட், 13-ஆம் தொகுதி மட்டும் 3.45. பிறகு அண்ணன் ஓட்ட, நான் பின்னால் அமர்ந்து, எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலத்தில் ஏறினோம். ஏற்றத்தில் மின்னோட்டம் 40 ஆம்பியர். அப்போது மற்றவை 3.52, பதின்மூன்று 3.22. இறங்கி மறுபடியும் ஏறினோம். மூன்று முறையும் ஏறத்தாழ அதே எண்கள். பாலத்தில் நின்றிருந்த போக்குவரத்துக் காவலர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கணக்கு எளிது. நல்ல தொகுதியில் வீழ்ச்சி 0.13 வோல்ட், 40-ஆல் வகுக்க 3.25 மில்லி ஓம். பதின்மூன்றில் வீழ்ச்சி 0.23, வகுக்க 5.75 மில்லி ஓம். ஆகப் பதின்மூன்று நலிந்தது என்பது தெளிவு. ஆனால் ‘நலிந்தது’ என்று சொன்னால் போதாது. எப்படி நலிந்தது என்பதில்தான் பணம் இருக்கிறது.

சில சமயம் தொகுதி நலிந்தே இருக்காது, சமநிலை மட்டும் தவறியிருக்கும். கொள்ளளவு குறையாமல், மின்னேற்றத்தில் மட்டும் மற்றவற்றுக்குப் பின்தங்கி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க, ஏறும்போதும் இறங்கும்போதும் கவனிக்க வேண்டும். சமன் தவறிய தொகுதி இரண்டு வேளையிலும் பின்தங்கியே வரும். கொள்ளளவு குறைந்த தொகுதியோ வேகமாக இறங்கும், வேகமாகவும் ஏறும். சமன் தவறியதற்கு மருந்து பொறுமைதான். மின்னேற்றத்தின் கடைசிக் கட்டத்தில் பி.எம்.எஸ். உயர்ந்த தொகுதிகளிலிருந்து சிறிது மின்னோட்டத்தை மின்தடை வழியாகக் கசியவிட்டுச் சமன் செய்யும். அது 0.05 ஆம்பியர் அளவில் இருந்தால், 2 ஆம்பியர்-மணி வேறுபாட்டைச் சரிசெய்ய 40 மணி நேரம் ஆகும். 90 விழுக்காடு ஏறியதும் பிளக்கைப் பிடுங்குகிறவர் வண்டியில் இந்தக் கடைசிக் கட்டம் வருவதே இல்லை.

வேறு சில சமயம் குறை அளக்கும் கம்பியிலேயே இருக்கும். அடுத்தடுத்த இரு தொகுதிகளில் ஒன்று வழக்கத்துக்கு மேலும், மற்றது அதே அளவு கீழும் காட்டினால், இரண்டுக்கும் நடுவிலுள்ள கம்பியின் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்கலம் பாவம், அதன் மேல் பழி.

பதின்மூன்றாம் தொகுதி இவ்விரண்டிலும் சேரவில்லை. வேகமாக இறங்கி வேகமாக ஏறியது. ஆகவே கொள்ளளவுக் குறைவு. மூப்பினால் கொள்ளளவு குறைந்ததா, வேறு காரணமா? இங்கேதான் அந்த இரண்டு எண்களும் கைகொடுத்தன. ஒத்த கலங்கள் பக்க இணைப்பில் இருந்தால், எண்ணிக்கை குறையக் குறைய அகமின்தடை அதே விகிதத்தில் உயரும், கொள்ளளவு அதே விகிதத்தில் குறையும். 3.25-ஐ 5.75-ஆல் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் 6.8. அதாவது ஏறத்தாழ ஏழு கலங்கள். ஏழு கலங்களின் கொள்ளளவு 18.2 ஆம்பியர்-மணி, அதற்கு வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ 47 கிலோமீட்டர். அண்ணன் சொன்னது 45! மின்னேற்றம் குறையும்போது அகமின்தடை சற்றே உயரும் ஆகையால் 6.8 என்பதைத் துல்லியமான எண்ணாகக் கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் இரண்டு வெவ்வேறு வழிகள் ஒரே விடையைத் தந்தபோது, ஐந்து கலங்கள் கெட்டுப்போகவில்லை, இணைப்பிலிருந்து விலகியிருக்கின்றன என்று நம்பத் துணிந்தேன். இதை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் தந்து, “திறந்து பார்க்கச் சொல், ஆனால் நீ திறக்காதே” என்றார்.

அந்த எச்சரிக்கை அனைவருக்கும் உரியது. முழுதாக மின்னேற்றிய 72 வோல்ட் பேட்டரி 84 வோல்ட் காட்டும். உடலுக்கு அதுவே ஆபத்து. ஒரு ஸ்பானர் தவறி இரு பட்டைகளின் மேல் விழுந்தால் பாயும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியர். மோதிரம், வளையல், உலோகக் கடிகாரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. பேட்டரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில், அந்தத் தொழில் தெரிந்தவர் ரப்பர் கையுறையுடன் திறக்க, நாங்கள் எட்டி நின்று பார்த்தோம். மூலையில் மழைநீர் இறங்கிய தடம். கலங்களைச் சேர்க்கும் பட்டை துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. தூய நிக்கல் துருப்பிடிக்காது. இரும்பின் மேல் நிக்கல் பூசிய மலிவுப் பட்டைதான் இப்படி ஆகும். அதற்கு அப்பால் எண்ணினோம். ஐந்து.

உடனே பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்துவிடலாமே என்றார் அண்ணன். கூடாது. விலகிய ஐந்தும் விலகிய அன்றைய நிலையிலேயே நின்று 3.92 வோல்ட் காட்டின. மற்ற ஏழும் 3.52. ஒரு கலத்தின் அகமின்தடை சுமார் 40 மில்லி ஓம். ஐந்துக்கு 8, ஏழுக்கு 5.7, ஆக 13.7 மில்லி ஓம். 0.4 வோல்ட் வேறுபாட்டுக்கு 29 ஆம்பியர் பாயும். ஏழில் ஒவ்வொன்றுக்கும் 4 ஆம்பியருக்கு மேல். அந்தக் கலங்களுக்கு ஏற்ற மின்னேற்ற அளவைப் போல அது மூன்று மடங்கு. பட்டறைக்காரர் இதைக் கணக்குப் போட்டு அறிந்தவர் அல்லர். ஆனால் நான் வாய் திறக்கும் முன்பே ஏழையும் மெதுவாக 3.92-க்கு ஏற்றத் தொடங்கிவிட்டார். தூய நிக்கல் பட்டை, மூலைக்கு ரப்பர் அடைப்பு, கூலி எல்லாம் சேர்ந்து 1,800 ரூபாய். இப்போது வண்டி 70 கிலோமீட்டர் ஓடுகிறது. 80 ஓடாது, அந்த ஏழு கலங்களும் இத்தனை நாளாக ஒவ்வொன்றும் பன்னிரண்டில் ஒரு பங்குக்குப் பதில் ஏழில் ஒரு பங்கு மின்னோட்டத்தைச் சுமந்திருக்கின்றன. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப எழுவதால், அவை மற்றக் கலங்களைப் போல மூன்று மடங்கு சூட்டைத் தாங்கி மூத்துவிட்டன.

இவ்வளவும் படித்துவிட்டு எந்தப் பேட்டரியையும் சரிசெய்துவிடலாம் என்று யாரும் எண்ணக் கூடாது. பழுதுபார்க்கக் கூடாத கலமும் உண்டு. முழுதாக மின்னேற்றிப் பத்து நாள் ஓடாமல் வைத்தால், நல்ல தொகுதிகளின் மின்னழுத்தம் அதிகம் மாறாது. ஒன்று மட்டும் தானே இறங்கிக்கொண்டே வந்தால் அதற்குள் உட்கசிவு இருக்கிறது. 2 வோல்ட்டுக்கும் கீழே நெடுநாள் கிடந்த கலமும் அப்படித்தான். உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும், மீண்டும் மின்னேற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உட்குறுக்கை உண்டாக்கும். இத்தகைய கலத்தை ‘எழுப்பித்’ தருவதாகச் சொல்லும் கடைகள் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் மத்திய அரசு பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட பழைய பேட்டரிகள் கைமாறிக் கைமாறி நம் தெருக்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. தானே இறங்கும் தொகுதியைக் கண்டால் அந்தப் பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடக் கூடாது. அந்தத் தொகுதியைக் கழற்றி எறியும் வரை இரவில் எந்த இடத்திலும் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது.