பொறி கட்டுவோரின் அறிவுக் கடன்

கணினியின் எண் கட்டளைக்கு அடங்கி மரத்தையும் உலோகத்தையும் செதுக்கும் பொறியை, ஆர்வம் ஒன்றே முதலாக வீட்டில் கட்டுவோர் பல நாடுகளில் உளர்.

புதியவர் ஒருவர் பொறியை 100 மில்லிமீட்டர் நகரச் சொல்கிறார். அது 50-இல் நிற்கிறது. குற்றம் மோட்டாரிலா, கணக்கிலா? தனித்திருப்பவர் மனம் தளர்வார். போட்ட பணம் மூலையில் துருப்பிடிக்கும். முன்பு அதே தவற்றைச் செய்தவரோ, “சுற்றுக்கு மோட்டார் 200 படி, திருகுத்தண்டு செல்வது 5 மில்லிமீட்டர், ஆகவே மில்லிமீட்டருக்கு 40 படி. நீங்கள் 20 என்று குறித்துள்ளீர்கள்” என்று நொடியில் தீர்ப்பார்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-இல் தொடங்கிய ‘ரெப்ராப்’ இவ்வாறே வளர்ந்தது. பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக வார்த்துப் பொருள் செய்யும் பொறி அது. தன் பிளாஸ்டிக் உறுப்புகளைத் தானே செய்ய வல்லது. 2008-இல் அவ்வுறுப்புகளால் மற்றொரு பொறி எழுந்தது. வரைபடங்கள் யாவர்க்கும் இலவசம். கட்டியவர்கள் தாம் கண்ட திருத்தங்களைத் திருப்பி அளித்தனர்.

உதவி பெறுவோர் கடமை இரண்டு: அளவுகளோடு கேட்டல், குறை தீர்ந்த வழியைப் பலரறியக் கூறல். வாங்கிய கடன் திரும்பினாலன்றோ சங்கம் அடுத்தவர்க்கு உதவும்? அறிவுக் கடனும் அத்தகையதே.