34.1 என்றால் எத்தனை பேர்?

சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு: “அந்தக் காலத்தில் இந்த நோய் ஏது? இப்போது லயத்துக்கு ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய்.” சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தலைகளை எண்ணுவது வேறு, வீதம் காண்பது வேறு. மாணவர்களே, இந்த வேறுபாட்டைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

நம் நாட்டில் இந்தக் கணக்கை வைத்திருப்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவகம். அதன் 2012–2016 அறிக்கைப்படி, ஆண்டுக்கு 100,000 பெண்களில் 34.1 பேருக்கு மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டது. சீனப் பெண்களில் 40.7, இந்தியப் பெண்களில் 38.1, மலாய்ப் பெண்களில் 31.5. இதற்கு ‘நிகழ்வு வீதம்’ என்று பெயர். அந்த ஆண்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் மட்டுமே இதில் சேர்வார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்று, இன்று புந்தோங்கில் நலமாக வாழும் ஓர் அம்மா மறுபடியும் எண்ணப்பட மாட்டார். எந்த மருத்துவமனைக்குப் போனார் என்பதைவிட எங்கே வசிக்கிறார் என்பதே முக்கியம். இல்லையென்றால், பேரா முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் ஈப்போ, நாட்டிலேயே ஆபத்தான ஊராகத் தோன்றும்!

இனி லயத்துக்கு வருவோம். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பல இடங்களில் மிஞ்சியிருப்பவர்கள் பாட்டிகள். மார்பகப் புற்றுநோயோ வயது ஏற ஏறக் கூடும் நோய்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 40 வயதுக்குக் குறைந்த பெண்களில் 100,000-க்கு 10 பேருக்கும், 40-க்கு மேற்பட்டவர்களில் 100,000-க்கு 100 பேருக்கும் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தோட்டத்துக்கும் ஈப்போவின் புதிய தாமானுக்கும் பொது. தோட்டப்புறத்தில் 100,000 பெண்கள். அவர்களில் 60,000 பேர் 40-ஐத் தாண்டியவர்கள். நோயாளிகள் 4 + 60 = 64. தாமானிலும் 100,000 பெண்கள். 20,000 பேர்தான் 40-ஐத் தாண்டியவர்கள். நோயாளிகள் 8 + 20 = 28. தோட்டத்தில் நோய் இரு மடங்குக்கும் மேல்! ஆனால் எந்த வயதுப் பெண்ணுக்கும் தோட்டத்தில் கூடுதல் ஆபத்து இல்லை. இருவிதமாக இருந்தது வயதுக் கலவை மட்டுமே.

இந்த மயக்கத்தைப் போக்க ஒரு பொதுவான அளவுகோல் வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் மிட்சுவோ செகி 1960-இல் வகுத்து, பின்னர் சற்றுத் திருத்தப்பட்ட ‘உலகத் தர மக்கள்தொகை’ அதுதான். அதில் 100,000 பேரில் 68,000 பேர் 40 வயதுக்குக் குறைந்தவர்கள், 32,000 பேர் அதற்கு மேல். நம் இரு ஊர்களையும் இதில் பொருத்துங்கள்: 6.8 + 32 = 38.8. இரண்டுக்கும் ஒரே விடை. 34.1 என்பதும் இப்படி வயதைத் தரப்படுத்திக் கிடைத்த எண்ணே. தோட்டத்தில் அடித்த களைக்கொல்லிதான் காரணமா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் வெறும் 64-ஐக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அதே அறிக்கையில் இன்னோர் எண்ணும் உண்டு: வாழ்நாளில் 27 பெண்களில் ஒருவருக்கு இந்நோய் வரலாம். 34.1-ஐ 75 ஆண்டுகளால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 2,558 வரும். அதாவது 39 பேரில் ஒருவர். ஏன் பொருந்தவில்லை? உலகத் தர மக்கள்தொகையில் குழந்தைகள் மிக அதிகம்; 15 வயதுக்குக் குறைந்தவர்கள் மட்டும் 31,000 பேர். வாழ்நாள் கணக்கிலோ ஒவ்வொரு வயதும் ஒரே ஒரு முறைதான் வரும். 75 ஆண்டுகளில் குழந்தைப் பருவம் 15 ஆண்டு, ஐந்தில் ஒரு பங்கு. அதனால் முதிய வயதின் எடை கூடுகிறது. இரண்டு எண்களும் சரியானவையே, கேள்விகள்தாம் வேறு. உங்கள் வகுப்பில் 27 மாணவிகள் இருந்தால் இந்த ஆண்டே ஒருவருக்கு வரும் என்று இதற்குப் பொருள் இல்லை.

அப்படியானால் நோய் கூடவே இல்லையா? கூடியிருக்கிறது. 2007–2011-இல் தரப்படுத்திய வீதம் 31.1, அடுத்த ஐந்தாண்டுகளில் 34.1. வயதுக் கலவையை இதற்குக் காரணம் காட்ட முடியாது. பரிசோதனை பரவியதால் அதிகம் பேர் கண்டறியப்பட்டார்களோ? அது மட்டுமே காரணமென்றால் தொடக்க நிலையில் பிடிபடுவோரின் பங்கு உயர்ந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்: மூன்றாம், நான்காம் நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 43.2 விழுக்காட்டிலிருந்து 47.9 ஆகிவிட்டார்கள். எனக்கு 34.1-ஐவிட இந்த எண்தான் அதிகம் உறுத்துகிறது.

காரணம், நாட்டின் புற்றுநோய் உயிர்பிழைப்பு ஆய்வு 2018-இல் வெளியிட்ட எண்கள். முதல் நிலையில் கண்டறியப்பட்டவர்களின் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 87.5 விழுக்காடு. நான்காம் நிலையில் அது 23.3.

தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததை யாரிடம் போய்ச் சொல்வது என்று பல அம்மாக்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கக் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்.