ஓவியனின் அறையில் ஓர் ஆவிக் கணக்கு

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை. நான் குடியிருக்கும் வெள்ளானூரில் மூன்று நாட்களாக விடாத அடைமழை. எதிர் வீட்டு மாணவன் குடையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான்; நன்றாகப் படம் வரைவான். பள்ளிக் கண்காட்சிக்காக ஏரிக்கரைப் பனைமரங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தான். சாரல் அடிக்கிறது என்று அறையின் சன்னல்களை இறுக மூடிவிட்டு வேலை செய்திருக்கிறான்.

"சார், படம் வரைய உட்கார்ந்தா தலை வலிக்குது. கண்ணாடி போடணுமோ?" என்று கேட்டான்.

"அறையில் டர்பன்டைன் நெடி அடிக்கவில்லையா, தம்பி?"

"முதல்லே அடிக்கும் சார். பத்து நிமிஷத்துலே போயிடும்."

மாணவ நண்பர்களே! மூடிய அறையிலிருந்து அந்த நெடி எங்கே போயிருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஓவியம் தீட்டும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய உண்மை ஒன்று கிடைக்கும்.

எண்ணெய் வண்ணத்தில் என்ன இருக்கிறது?

சித்தன்னவாசல் சுவரோவியங்களிலும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களிலும் வண்ணத்தைக் குழைக்க உதவியது நீர். எண்ணெய் வண்ணம் ஐரோப்பியர் வழியாக நம் நாட்டில் பரவியது. இரவி வர்மா 1873ஆம் ஆண்டு சென்னையில் நடந்த கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது எண்ணெய் வண்ண ஓவியத்திற்காகவே.

இந்த வண்ணத்தில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, நிறம் தரும் பொடி. இதனை நிறமி என்பர். மற்றொன்று, அதைக் குழைக்கும் ஆளி விதை எண்ணெய். குழைந்த வண்ணம் கெட்டியாக இருப்பதால், அதை இளக்கவும் தூரிகையைக் கழுவவும் ஒரு கரைப்பான் தேவைப்படுகிறது. பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடித்து எடுக்கும் டர்பன்டைன் அத்தகைய கரைப்பான். கற்பூரத் தைலம் என்றும் இதைச் சொல்வதுண்டு. வன்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மினரல் டர்பன்டைன், பெட்ரோலியத்திலிருந்து வருவது. தின்னர் என்பது பல கரைப்பான்களின் கலவை. டொலுவீன் போன்றவை அதில் இருக்கக்கூடும்.

ஆளி விதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. கரைப்பானோ முழுவதும் ஆவியாகிவிடுகிறது. கிண்ணத்தில் குறைந்த அளவு முழுவதும் அறைக் காற்றில் கலந்திருக்கிறது என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாணவனின் அறை பத்தடிக்குப் பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் என்று கொள்வோம். கன அளவு 27 கன மீட்டர், அதாவது 27,000 லிட்டர். அந்த அறையில் 20 மி.லி. டர்பன்டைன் ஆவியாவதாகக் கொள்வோம். நான்கு தேக்கரண்டி அளவுதான் அது.

டர்பன்டைனின் அடர்த்தி மி.லி.க்கு ஏறத்தாழ 0.86 கிராம். ஆகவே 20 மி.லி.யின் நிறை 17.2 கிராம். அதன் முக்கியப் பொருளான பைனீனின் மூலக்கூறு நிறை 136. 17.2ஐ 136ஆல் வகுத்தால் 0.126 மோல். நம் ஊர் வெப்பநிலையான 30° செ.யில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 25 லிட்டர் இடத்தை அடைக்கும். எனவே கிடைக்கும் ஆவி சுமார் 3.2 லிட்டர். இதை 27,000 லிட்டரால் வகுத்தால், காற்றின் பத்து இலட்சம் பங்கில் டர்பன்டைன் ஆவி ஏறத்தாழ 117 பங்கு. கதவிடுக்கு வழியே கசியும் சிறு அளவை இங்கே விட்டுவிட்டோம்.

இது அதிகமா, குறைவா? அமெரிக்கத் தொழிற்கூடச் சட்டப்படி, 8 மணி நேர வேலையில் சராசரியாக 100 பங்கிற்கு மேல் இருக்கக்கூடாது. அந்நாட்டுத் தொழில்நல வல்லுநர் அமைப்பு இன்னும் கடுமையாக 20 பங்கையே வரம்பாகப் பரிந்துரைக்கிறது. இவை வளர்ந்த தொழிலாளர்களுக்கு வகுத்தவை. நான்கு தேக்கரண்டி எவ்வளவு பெரிய அளவு என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மூக்கை நம்பலாமா?

ஊதுவத்தி ஏற்றிய அறைக்குள் நுழைந்தவுடன் மணம் தெரியும். சற்று நேரத்தில் அதை மறந்துவிடுவோம். ஒரே மணம் தொடர்ந்து வந்தால் மூக்கின் உணர்வு மழுங்கிவிடும். மாணவனுக்கும் இதுதான் நேர்ந்தது. நெடி குறைந்துவிட்டதாக அவன் எண்ணிய நேரத்தில், ஆவியின் அளவு கூடிக்கொண்டே இருந்தது. மணமற்றது என்று விற்கப்படும் கரைப்பான்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நெடி குறைவே தவிர, அவையும் ஆவியாகின்றன.

முகக்கவசம் அணிந்தால் போதாதா என்று சிலர் கேட்பர். துணிக் கவசமும் என்-95 கவசமும் தூசி, நீர்த்திவலை போன்ற துகள்களைத் தடுப்பவை. ஆவியின் மூலக்கூறோ ஒரு நானோமீட்டர் அளவுகூட இல்லாதது. அவற்றைத் தாண்டி எளிதில் உள்ளே போய்விடும்.

உடலில் என்ன நேர்கிறது?

மூச்சுடன் சென்ற ஆவி நுரையீரலில் இரத்தத்துடன் கலக்கிறது. எண்ணெயைக் கரைக்கும் பொருளாதலால், கொழுப்பு மிகுந்த மூளைக்கும் நரம்புகளுக்கும் எளிதில் சென்று சேர்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கண்ணெரிச்சல் ஆகியன முதல் அறிகுறிகள். திறந்த வெளிக்கு வந்தால் இவை பெரும்பாலும் தணிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நிலைமை வேறு. 1970களில் டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள், மறதி, கவனக்குறைவு, மனச்சோர்வு போன்ற கோளாறுகளுக்கும் கரைப்பான்களுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினர்.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள உறவை விரிவாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் இரமசீனி. 1700ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஓவியர்களின் நோய்களையும் அவர் ஆராய்ந்தார். நோயாளியிடம் "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்று கேட்க வேண்டும் என்பது அவர் மருத்துவர்களுக்குச் சொன்ன அறிவுரை. அன்றைய வெள்ளை நிறமி ஈயக் கார்பனேட்டு. ஈயம் ஒரு நஞ்சு. இன்று பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. எனினும் ஈயம், காட்மியம் கலந்த வண்ணங்கள் ஓவியர்களுக்கு இன்னும் கிடைக்கின்றன. வாங்குமுன் குழாயின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள்.

தீயும் துணியும்

ஒரு நீர்மத்தின் மேலுள்ள ஆவி, நெருப்புப் பட்டதும் பற்றும் அளவுக்குச் சேரும் வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்கிறோம். டர்பன்டைனுக்கு இது ஏறத்தாழ 35° செ. சித்திரை வைகாசியில் ஆவடிப் பக்கத்து வெயில் 40 பாகையைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியும். மேலும், அதன் ஆவி காற்றைப்போல் 4.7 மடங்கு அடர்த்தி கொண்டது. கொட்டிய இடத்தில் அது தரையோடு தவழ்ந்து, தொலைவிலுள்ள விளக்கையோ அடுப்பையோ எட்டக்கூடும்.

ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியிலும் ஓர் ஆபத்து உண்டு. எண்ணெய் ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. துணியைப் பிரித்து உலர்த்தினால் அது காற்றோடு போய்விடும். சுருட்டிக் குவித்தால் வெப்பம் உள்ளேயே தங்கி, எவரும் தீ வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு வானளாவிய கட்டடம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். அந்தத் தீ தொடங்கியது ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளிலிருந்துதான்.

என்ன செய்யலாம்?

1. எதிரெதிரே இரண்டு திறப்புகள் வேண்டும். ஒரு சன்னலில் மேசை விசிறியை வெளிப்புறம் நோக்கி வைத்து, மறுபக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள். கூரை விசிறி ஆவியை அறைக்குள்ளேயே கலக்குமே தவிர வெளியேற்றாது. மழை நாளில் திண்ணையோ தாழ்வாரமோ நல்ல இடம்.

2. கரைப்பானைக் குறுகிய வாயுள்ள புட்டியில் சிறிதளவே எடுத்து, மூடி வையுங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள தட்டின் பரப்பு, 4 செ.மீ. விட்டமுள்ள புட்டி வாயைப்போல் 25 மடங்கு. ஆவியாகும் வேகமும் பரப்பிற்கேற்பக் கூடும்.

3. தூரிகையை முதலில் பழைய துணியில் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, பிறகு சோப்பு நீரில் நன்றாகக் கழுவுங்கள். கரைப்பானே தேவைப்படாது.

4. கரைப்பானால் கை கழுவாதீர்கள்; தோல் வறண்டு புண்ணாகும். வரையும் இடத்தில் தின்பண்டமும் வேண்டாம்.

5. கரைப்பானைக் குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. அது நுரையீரலுக்குள் சென்றால் ஆபத்து மிகும். உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

6. எண்ணெய்த் துணிகளை வெளியே கொடியில் தனித்தனியாக உலர்த்துங்கள். அல்லது நீர் நிரப்பிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

7. அழுக்கான கரைப்பானைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். இரண்டு நாள் மூடி வைத்தால் நிறமி அடியில் தங்கும். தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம்.

முதல் யோசனையின் பலனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். அறைக் காற்று மணிக்கு 6 முறை மாறுகிறது என்றால், ஒரு மணி நேரத்தில் கடந்து செல்லும் காற்று 1,62,000 லிட்டர். அதே 20 மி.லி. அந்த ஒரு மணி நேரத்தில் சீராக ஆவியானால், பத்து இலட்சத்தில் 20 பங்கிற்குள் அடங்கிவிடுகிறது. 117 எங்கே, 20 எங்கே! அதோடு 2, 3ஆம் யோசனைகளையும் கடைப்பிடித்தால் இன்னும் எவ்வளவோ குறையும்.

செய்து பாருங்கள்

ஒரு தட்டிலும் ஒரு குறுகிய புட்டியிலும் 20 மி.லி. நீர் ஊற்றி நிழலில் வையுங்கள். எது எத்தனை மணி நேரத்தில் வற்றுகிறது என்று குறியுங்கள். பிறகு, கரைப்பான் எதுவும் இல்லாதபோது உங்கள் அறையில் ஊதுவத்தி ஏற்றி, புகை செல்லும் வழியைக் கவனியுங்கள். அந்தப் புகை உங்கள் முகத்தைத் தாண்டிச் செல்லாத இடமே நீங்கள் உட்கார்ந்து வரைய ஏற்ற இடம்.

எதிர் வீட்டு மாணவனும் ஊதுவத்தியோடு இடம் தேடினான். இப்போது வாசல் தாழ்வாரத்தில் அமர்ந்து வரைகிறான். பனைமரங்கள் முடிந்துவிட்டன; தலைவலியும் திரும்ப வரவில்லை.