காலநிலை நீதியின் இளங்குரல்

நுழையும்முன்

புகையை எழுப்பியோர் சிலர்; அதன் வெம்மையைச் சுமப்போர் வேறு சிலர். இம்முரணைக் களைய முற்படும் கோட்பாடே காலநிலை நீதி. அதற்காகக் குரல்கொடுக்கும் மஜித் மஜித் என்னும் இளைஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மஜித் 1989ஆம் ஆண்டு சோமாலியாவின் வடபகுதியிலுள்ள புராவோ நகரில் பிறந்தார். உள்நாட்டுப் போரால் ஊரைத் துறந்த அவர்தம் குடும்பம், எத்தியோப்பியாவில் ஏதிலியர் முகாமில் சில மாதங்கள் தங்கியது. அவருக்கு ஐந்து வயதானபோது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரை அடைந்தது. தாய் துப்புரவுப் பணி செய்து பிள்ளைகளை வளர்த்தார். மஜித், ஹல் பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் விலங்கியல் பயின்றார். மாணவர் ஒன்றியத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2016இல் பசுமைக் கட்சியின் சார்பில் நகர்மன்ற உறுப்பினரானார். 2018 மே மாதம், தம் 28ஆம் வயதில், ஷெஃபீல்டின் மேயராகப் பொறுப்பேற்றார். அப்பதவியை அடைந்த முதல் சோமாலியர் அவரே. மிக இளையவரும் அவரே.

2019இல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். முதல் நாளிலேயே ஒருவர் தம்மை வெளியேறச் சொன்னதாக அவர் பின்னர் தெரிவித்தார். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய அவைக்குள்ளும் அவருடைய உரிமை ஐயத்திற்கு உள்ளாயிற்று. எனினும் அவர் தம் பணியைத் தொடர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் 28 அன்று அந்நாடாளுமன்றம் காலநிலை நெருக்கடி நிலையை அறிவித்தது. தீர்மானத்தை ஆதரித்தோர் 429 பேர். எதிர்த்தோர் 225 பேர்.

அவர் குடும்பத்தை விரட்டியது போர். அவர் பிறந்த நாட்டை இன்று வறட்சியும் வாட்டுகிறது. 2020ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி ஐந்து மழைப்பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. ஆடும் ஒட்டகமும் மடிய, மேய்ச்சல் வாழ்வினர் முகாம்களை நாடினர். உலக மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வாழும் ஆப்பிரிக்கா, உலகின் கரியமில வாயு வெளியீட்டில் நான்கு விழுக்காட்டிற்கும் குறைவாகவே பங்களிக்கிறது. செய்யாத பிழைக்குத் தண்டனை பெறுவோரின் நிலை இது.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதால் 2020 சனவரி 31 அன்று மஜித்தின் உறுப்பினர் பதவி முடிவுற்றது; பணி முடியவில்லை. இனச்சமத்துவத்தையும் காலநிலை நீதியையும் ஒருங்கே வலியுறுத்தும் 'யூனியன் ஆஃப் ஜஸ்டிஸ்' என்னும் அமைப்பை அவர் தோற்றுவித்தார். வெம்மையின் சுமையைத் தாங்குவோர் முடிவெடுக்கும் அவையிலும் இடம்பெறுதல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் உண்மையாகும்.

கற்பவை கற்றபின்...

உம் பகுதியில் வறட்சியாலோ வெள்ளத்தாலோ மிகுதியாகப் பாதிக்கப்படுவோர் யாவர்? அவர்கள் கருத்து எந்த அவையில் கேட்கப்படுகிறது? வகுப்பில் கலந்துரையாடுக.