சரக்கறிவோம்: வெள்ளைச் சிப்பியும் சாம்பல் சிப்பியும்

காய்கறியோடு காளான் பாக்கெட்டும் வைத்து விற்கும் உறுப்பினர்கள் இன்று பலர். மொட்டுக் காளானை எல்லோருக்கும் தெரியும். சிப்பிக் காளானில்தான் குழப்பம். வைக்கோலில் வளர்த்து நம் கடைகளுக்கு வரும் சிப்பியில் வெள்ளை, சாம்பல் என இரண்டு உண்டு. இரண்டும் 'புளூரோட்டஸ்' என்ற ஒரே பேரினத்துப் பங்காளிகள்.

ஒரு கோடையில் எங்கள் கடைக்கு வழக்கமான வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் நிறப் பாக்கெட்டுகள் வந்தன. பழைய சரக்கு என்று எண்ணி இருபதையும் திருப்பி அனுப்பிவிட்டோம். மறுநாள் வளர்ப்பவரே வந்தார். "ஐயா, விடியற்காலையில் பறித்ததுங்க. வெயிலுக்கு வெள்ளை சரியா வராது, இதுதான் வரும்" என்றார். அவருக்கு ஒரு நாள் உழைப்பு போயிற்று. எங்களுக்கு, சரக்கு தெரியாமல் பேசிய வெட்கம் மிஞ்சியது. அந்தப் பாடத்தை இங்கே பகிர்கிறோம்.

நிறமும் பருவமும்: 'புளோரிடா' எனப்படும் வெள்ளைச் சிப்பி குளிர்ந்த மாதங்களில் நன்கு விளையும். சாம்பல் சிப்பியின் மேல்புறம் சாம்பல் அல்லது இளம்பழுப்பு. அடிப்புற மடிப்புகள் வெளுப்பாகவே இருக்கும். இது சற்றுக் கூடுதல் வெப்பம் தாங்கும். வியாபாரத்தில் இதை 'சஜோர் காஜு' என்பார்கள். அறிவியலார் 'புளூரோட்டஸ் பல்மோனேரியஸ்' என்கிறார்கள். சஜோர் காஜு என்பது உண்மையில் வேறொரு காளானின் பெயர்.

கெட்டதை அறிவது: நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையில் வழவழப்பு, புளித்த வாடை, பாக்கெட்டுக்குள் தேங்கிய நீர் ஆகியவையே கெட்டதற்கு அடையாளம். வெள்ளைச் சிப்பி மஞ்சளடித்தால் அதுவும் பழசு. காம்படியில் வெண்பஞ்சு போல் மெலிதாகப் படர்வது பெரும்பாலும் காளானின் சொந்த இழையே. பச்சை, கறுப்புப் பூசணம் கண்டால் மட்டும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

இருப்பு: இரண்டிலும் சுமார் 90 சதம் நீர்தான். வெளியில் வைத்தால் அன்றே விற்றாக வேண்டும். குளிர்பெட்டியில் உறையாமல் வைத்தால் சில நாள் தாங்கும். கழுவி வைக்கக் கூடாது. பாக்கெட்டில் சிறு துளைகள் இருப்பது நல்லது.

எடை: துளை வழியே நீர் வற்ற, எடையும் குறையும். 200 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட்டில் குறைவாக இருந்தால் வாடிக்கையாளர் கேட்பது நம்மைத்தான். ஆகவே அன்றன்று விற்கும் அளவுக்கே கொள்முதல் செய்வோம். வாங்கும்போதே ஒன்றிரண்டைத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. மழைக்குப் பின் காட்டில் பறித்ததென்று யாராவது கூடையில் கொண்டுவந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். நச்சுக் காளானும் பார்வைக்கு அழகாகவே இருக்கும். வளர்ப்பவரைத் தெரிந்து வாங்குவோம். வந்த சரக்கைத் தெரிந்து விற்போம்.