கர்ப்பிணிகளே, இந்த ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்

கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனையில், சிபிலிஸ் என்ற பால்வினை நோயைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். சோதனையும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சிபிலிஸ் கிருமி உடலில் இருந்தாலும் வெளியே எதுவும் தெரியாமல் இருக்கலாம். அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்விடலாம். குறைப்பிரசவம் ஆகலாம், வயிற்றிலேயே குழந்தை இறக்கவும் நேரலாம். பிறக்கும்போது நன்றாக இருக்கும் குழந்தைக்கும் சில வாரங்களில் தோல் தடிப்பு, ஓயாத மூக்கொழுகல், பின்னாளில் காது கேளாமை வரலாம்.

தீர்வு பென்சிலின் ஊசிதான். பிரசவத்துக்கு 30 நாள் முன்பாவது சிகிச்சை தொடங்கியாக வேண்டும். ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கணவருக்கும் சோதனையும் சிகிச்சையும் அவசியம், இல்லையென்றால் உங்களுக்கு மறுபடி தொற்றலாம். யார் மேல் தப்பு என்ற பேச்சை வீட்டில் தயவுசெய்து எடுக்காதீர்கள். பிறந்த குழந்தைக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.