சிறு படகுக்காரரின் வருமானம் பெருகும் வழி

செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரையில் கோவளம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் முதலிய ஊர்களிலுள்ள மீனவருக்குக் கடலே பரம்பரை ஜீவனோபாயமாகும். முன்னாளில் கட்டுமரத்தில் சென்றவர்கள் இந்நாளில் பைபர் படகில் சிறு இயந்திரம் பூட்டிச் செல்கின்றனர். எனினும் பலர் கையில் பொருள் தங்குவதில்லை. அதிக மீன் பிடித்தாலன்றி வறுமை தீராது என்று எண்ணுவது பிசகு. பிடித்த மீனின் பயன் மூன்றிடங்களில் வீணாகிறது. அதைத் தடுக்கும் வழியே இப்பாடத்தின் விஷயமாகும்.

1. கடலில்: சிறு கண் வலையில் சிக்கும் குஞ்சு மீன் சொற்ப விலைக்கே போகும். அதுவே வளர்ந்து, ஒரு முறையேனும் முட்டையிட்ட பின் அகப்படுமாயின், எடையும் விலையும் பன்மடங்காவதோடு வருங்காலத்திற்கும் மீன் உண்டு. 1983-ஆம் வருஷத்துச் சட்டம் கரையை அடுத்த 3 கடல் மைல் தூரத்தைச் சிறு தொழிலாளருக்கென ஒதுக்கிற்று. மேலும், கீழைக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடித்தலாகாது. அந்நாட்களில் சந்தையில் மீன் அருகி விலை ஏறும். அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொள்ள ஆசை எழும். வேலியிட்டுக் காத்த வயலில் உடையவரே இளங்கதிரை அறுப்பது தகுமோ? வலைகளுக்குக் கட்டுப்பாடு விதிப்பது இக்கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்குப் புதிதன்று. வலைக் கண்ணின் அளவையும் அவை நிர்ணயித்தல் நலம்.

2. படகில்: வெயிலில் கிடக்கும் மீன் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். மீனின் எடைக்குச் சமமான எடை பனிக்கட்டியைப் பெட்டியில் கொண்டுசென்று, பிடித்தவுடன் மாற்றி மாற்றி அடுக்குக. மிகுதியாகக் கிடைக்கும் நாளில் எஞ்சிய மீனைக் கழுவி உப்பிட்டு, மணலில் பரப்பாது பரணில் உலர்த்தினால், கருவாட்டில் மண் ஒட்டாது. நல்ல விலையும் கிட்டும்.

3. கரையில்: வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர் அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்க நேரும். உதாரணமாக, ரூ. 5,000 பெறும் மீனை நூற்றுக்குப் பத்து குறைத்துக் கொடுப்பவர் நாளொன்றுக்கு ரூ. 500 இழக்கிறார். 20 நாளில் இழப்பு ரூ. 10,000 ஆகும். கடனின் முதலோ குறையாது நிற்கும்.

இதற்குப் பரிகாரம் ஐக்கியமே. சென்னை மாகாணத்தில் நாணயச் சங்கங்கள் அமைய வேண்டுமென்று எடுத்துரைத்த ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் அவர்களே, 1907-இல் மீன் இலாகாவின் முதல் தலைவராகவும் விளங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் திருவனந்தபுரக் கரையின் மீனவர் சங்கங்கள் 1980-இல் ஒரு கூட்டமைப்பாய்த் திரண்டன. அங்கே சங்கமே கரையில் மீனை ஏலமிட்டு, விற்பனைத் தொகையில் ஒரு பகுதியைக் கடனுக்கும் ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்கிறது. மீன் குறைந்த நாளில் தவணையும் குறைவதால், கடன் சுமை தாங்கும் அளவிலேயே நிற்கிறது.

ஒவ்வொரு குடும்பமும் பிடித்த எடை, விற்ற விலை, எண்ணெய்ச் செலவு, கடன் ஆகிய நான்கையும் நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வருக. மீன் விற்கும் பெண்மணிகளே இக்கணக்கை நன்கு அறிவராதலால் அப்பொறுப்பை அவர்களிடம் விடலாம். ஒரு மாதக் கணக்கைக் கண்டால், நஷ்டம் எவ்விடத்தில் நேருகிறது என்பது தானே விளங்கும்.